அப்பாவோடு ஒரு போட்டோ

செல்போன் அலறியது.

எடுத்தான் நிலவன். மறுமுனையில் மாமியார் சௌந்திரம்.

"மாப்ள, உங்க ஊட்டு வாசல்ல நிக்கறேனுங்க. கதவைத் தொறங்க."

பரமத்தி வேலூரிலிருந்து ஜலகண்டாபுரத்துக்கு... சொல்லாமல் கொள்ளாமல்!

நிலவன் பதறவில்லை. பதறுவதற்கு அவன் என்ன சாதாரணக் கொலைகாரனா? அப்படித்தான் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தது அந்த ஜென்மம்.

மனைவி கிருத்திகாவை அவன் கொன்றது ஆடி மாதத்தில். அவனுடைய கள்ள உறவை ஊரறியச் சொல்லப்போவதாக அவள் சொன்னாள். கழுத்தைப் பிடித்தான். "வேண்டாங்க... வேண்டாங்க..." என்று கெஞ்சினாள். கேட்கவில்லை. தறிக் கொட்டகைக்குப் பின்னால் பாழாய்க் கிடந்த சாயத்தொட்டியில் அவளைப் போட்டு, மண்ணை நிரப்பி, சிமென்ட் பூசினான். பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்று ஊருக்குச் சொன்னான்.

வெறும் முட்டாள் அதோடு நிறுத்தியிருப்பான். இவன் அதிமேதாவி!

கிருத்திகாவின் வாட்ஸ்அப்பை ஒரு ஏஐ உதவியாளரிடம் ஒப்படைத்தான். பழைய மெசேஜ்களையும் போட்டோக்களையும் விழுங்கிவிட்டு, அவளைப் போலவே பதில் போட்டது அது. சௌந்திரம் புதுப் போட்டோ கேட்டு நச்சரித்ததும், சொன்னதைப் படமாக வரைந்து தரும் கருவி ஒன்றையும் அதனுடன் இணைத்துவிட்டான். அம்மா கேட்டால் உதவியாளர் வர்ணனை எழுதி, பழைய போட்டோவையும் முகத்துக்காகச் சேர்த்துக் கொடுக்கும். கருவி வரையும். படம் பறக்கும். இவன் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கொலையும் செய்துவிட்டு வேலையும் பார்க்க வேண்டுமா என்ன?

கதவைத் திறந்தான்.

சௌந்திரத்துக்குப் பின்னால்... காக்கி! இன்ஸ்பெக்டர் மெஹர்பானு.

மகளின் குரலைக் கேட்டு மாதக்கணக்காகிறது என்று அம்மா புகார் கொடுத்திருப்பதாகச் சொன்னார் இன்ஸ்பெக்டர்.

"ஹாஸ்டல்ல பேச விடமாட்டாங்க மேடம். போட்டோதான் டெய்லி அனுப்பறாளே," என்றான் நிலவன்.

"ஆமாங்க மாப்ள. காத்தால கேட்டேன், உடனே வந்துருச்சுங்க." சௌந்திரம் தன் செல்போனை நீட்டினாள்.

மஞ்சள் சேலையில் கிருத்திகா சிரித்தாள். அவள் தோளில் கை போட்டபடி வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர்.

நிலவன் அந்த முகத்தை உற்றுப் பார்த்தான்.

மாமனார் வேலுசாமி!

"உங்கப்பாகூட நின்னு ஒரு போட்டோ அனுப்பு சாமின்னு கேட்டேனுங்க. உங்க கண்ணாலத்துக்கு முன்னாலயே போய்ச் சேந்த மனுசன்... எம்பொண்ணா இருந்தா அழுதிருப்பா. இல்லீன்னா என்னைத் திட்டியிருப்பா. இது 'சரிம்மா'ன்னு அனுப்புதுங்க."

நிலவன் சட்டென்று குரலை உடைத்துக்கொண்டான். அவள் எவனோடோ ஓடிவிட்டாளாம். அத்தை மனசு நோகக்கூடாதென்றுதான் இப்படி ஓர் ஏற்பாடாம்! கண்ணீர்கூட வந்தது. பிணம் கிடைக்காதவரை யாராலும் தன்னை அசைக்க முடியாது என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டான்.

மெஹர்பானு தலையாட்டினார்.

"இருக்கலாம். ஒரு சின்ன சந்தேகம் நிலவன். கோயில், பஸ் ஸ்டாண்ட், ஆபீஸ்... எந்தப் படத்துல நின்னாலும் உங்க சம்சாரத்துக்குப் பின்னால ஒரு தொட்டி இருக்கே? மேல புதுசா சிமென்ட் பூசின தொட்டி."

நிலவன் அப்போதுதான் படத்தின் பின்புறத்தைப் பார்த்தான்.

சாயத்தொட்டி!

கருவியை இணைத்த அன்று அவனே கொடுத்த கட்டளை நினைவுக்கு வந்தது. வெகு ஜாக்கிரதையாகத்தான் கொடுத்திருந்தான். 'கொட்டகைக்குப் பின்னால் உள்ள, சிமென்ட் பூசிய சாயத்தொட்டி எந்தப் படத்திலும் வரவே கூடாது.' உதவியாளர் விசுவாசமாக அந்த வரியை ஒவ்வொரு வர்ணனையிலும் சேர்த்து அனுப்பியிருந்தது. கருவிக்கோ 'கூடாது' புரியாது. பேர் சொன்னதையெல்லாம் வரைந்து வைக்கும்!

கொட்டகைப் பக்கம் கடப்பாரைச் சத்தம் கேட்டது. படத்திலிருந்த அதே தொட்டியை அங்கே கண்டுபிடித்த கான்ஸ்டபிள்கள் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தார்கள்.

சௌந்திரம் முன்னால் வந்து அவன் சட்டையைப் பிடித்தாள். இப்போது அவள் பேச்சில் 'ங்க' இல்லை.

"எம்பொண்ண அதுக்குள்ளயாடா போட்டே?"

ஜீப்பில் ஏறும்வரை நிலவன் புலம்பினான். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான், அவள் கெஞ்சியதையும் சேர்த்து. ஆனாலும் அவனுக்கு ஆறவில்லை.

"வேண்டாம்னு தெளிவாச் சொல்லியிருந்தேன் மேடம்... கேக்கவே இல்ல!"

மெஹர்பானு கதவை அறைந்து சாத்தினார்.

"அவளுந்தான் உங்கிட்ட வேண்டாம்னு தெளிவாச் சொன்னா. மெஷினை நீதானே பழக்கினே... ஓனர் புத்தி அப்படியே வந்திருக்கு!"