பதினேழாம் எண் வந்தார்

போகாத இரண்டு வியாழக்கிழமைக்கும் வருகை அட்டையில் ‘வந்தார்’ என்று முத்திரை விழுந்திருந்தது. பெக் ஹூன் மழைத்துளி படிந்த கண்ணாடியைச் நீலச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். மூன்றாம் தேதி, வந்தார். பத்தாம் தேதி, வந்தார். அந்த இரண்டு நாளும் அவள் வீட்டுப் படியைக்கூடத் தாண்டவில்லை.

கூ அம்மாளின் மனநல ஆலோசனை நிலையத்தில் எல்லாம் கறார். முதல் நாளே விதிகளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். இங்கே யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். ஜார்ஜ் டவுனில் ஒருவர் தும்மினால் நான்கு தெருவுக்குச் செய்தி போய்விடுமே. அதனால்தான் காத்திருக்கும் பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவே கனத்த பச்சைத் திரை. அடியில் அட்டையை நீட்டினால் மேசைக்காரப் பெண் நோரைனியின் கை வாங்கி முத்திரை குத்தித் தரும். முன்கூட்டிச் சொல்லாமல் வராமல் போனாலும் அந்த ஐம்பது நிமிடம் உங்களுடையதுதான். கூ அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு உங்களுக்காக உட்கார்ந்திருப்பார்.

“நோரைனி, ரெண்டு வாரமா நான் வரவே இல்லம்மா. தப்பா குத்திட்ட.”

“அட்டை வந்துச்சு, குத்தினேன்.”

“அட்டை என் பையை விட்டு வெளியவே வரல. யாரு கொண்டுவந்தா?”

“பதினேழாம் எண் வந்துச்சா வரலையான்னு யார் கேட்டாலும் சொல்லக்கூடாதுக்கா.”

“அந்தப் பதினேழே நான்தான்டி.”

“அது எனக்கு எப்படித் தெரியும்? மூஞ்சியப் பாக்கக்கூடாதுன்னுதானே நடுவுல திரையே.” நோரைனி சிரித்தாள். பெக் ஹூனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் வராமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. கணவர் தியான் ஹொக் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. பேச்சு போய்விட்டது, வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. கஞ்சி ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்து, காலுக்கு ஜாதிக்காய் எண்ணெய் தேய்த்து, எல்லாம் அவள்தான். ஒருநாள் தலையணை மாற்றும்போது, இதை அவர் முகத்தின்மேல் வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்தினால் போதுமே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது போகவில்லை. அதைத் தொலைக்கத்தான் இங்கே வந்தாள், ஆனால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. போன மாதக் கடைசியில் கூ அம்மாள் “எதையோ மறைக்கிறீங்க” என்று கேட்டுவிட்டார். பயந்துபோய் வீட்டோடு இருந்துவிட்டாள்.

அறைக்குள் நுழைந்தபோது மழை தகரக் கூரையில் ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக வந்த சாம்பல் வெளிச்சம் பாதி அறையோடு நின்றுவிட, மீதிப் பாதியிலிருந்து ஜாதிக்காய் எண்ணெயின் வாடை, இப்போதுதான் யாரோ தேய்த்துவிட்டுப் போனதுபோல, மெல்ல எழுந்து வந்தது. முதலில் தன் கையை முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசம்தான். அவள் உட்காரும் நாற்காலி வெதுவெதுப்பாக இருந்தது.

“வாங்க,” என்றார் கூ அம்மாள். முகம் வெளிறியிருந்தது. “போன வாரம் நீங்க சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல.”

“நான் என்ன சொன்னேன்?”

“தலையணையப் பத்தி.”

அதை அவள் யாரிடமும் சொன்னதே இல்லை.

“அடுத்த வியாழன், மூணரை மணின்னு நேரங்கூடச் சொன்னீங்க. இங்க பேசுறது எதையும் நான் வெளிய சொல்லக்கூடாது. ஒரு உயிருக்கு ஆபத்துன்னாதான் வாயத் திறக்கலாம். இன்னும் அஞ்சு நிமிஷம் நீங்க வராம இருந்தா போலீசக் கூப்பிட்டிருப்பேன்.” அவர் மூச்சை விட்டார். “வந்துட்டீங்க. இங்க உக்காந்திருக்கிற வரைக்கும் அவருக்கு ஒண்ணும் ஆகாது.”

இன்றுதான் அந்த வியாழன். சுவரில் மணி மூன்று இருபது.

பெக் ஹூன் கைப்பேசியை எடுத்தாள். கணவருக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு கிம் சூவை அழைத்தாள்.

“ஆன்ட்டி, அவர் பக்கத்துலதான இருக்கீங்க?”

“என்னடி விளையாடுற? இப்பதான நீ வந்து, நான் பாத்துக்கறேன் போங்கன்னு அனுப்பின.”

“திரும்பப் போங்க. கதவத் தட்டுங்க.”

“நீதான உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்ட?”

கூ அம்மாள் ஏதோ கேட்டார். காதில் விழவில்லை. படியில் இறங்கி ஓடினாள்.

இரண்டு தெரு. மழை. செருப்பு ஒன்று எங்கோ கழன்றது. பின்பக்கச் சந்து. சாவி. பின்கதவு. அடுக்களை. எண்ணெய் வாடை.

உள்ளே யாரோ பாடுகிறார்கள். அவள் குரல்.

படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. கட்டில் ஓரத்தில் அவளே உட்கார்ந்திருந்தாள். அதே நீலச் சட்டை. நனையவில்லை. கணவரின் வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டாள், அவசரமே இல்லாமல், முதல் சில மாதங்களில் பெக் ஹூன் துடைத்த மாதிரி. அவர் பாதி முகத்தால் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது.

கட்டிலில் இருந்தவள் துணியை மடித்து வைத்தாள். தலையணைக்குக் கை நீட்டினாள்.

ஒரு சத்தம் போட்டால் போதும். பெக் ஹூன் வாயைத் திறந்தாள். திறந்தபடி நின்றாள்.

போடவில்லை.

தலையணை மாற்றப் போகிறாள் என்று நினைத்து, தியான் ஹொக் தானாகவே தலையைத் தூக்கிக் கொடுத்தார்.