பரலோ, போத்தலோ?

மழைக்கு ஒதுங்கிய இடம்தான் அந்தக் கடை. வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடை என்பது, யோகலிங்கம் தள்ளிய கதவு ஒருத்தியின் கையிலிருந்த தகர டப்பாக்களைத் தட்டி உருட்டிய பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

"கண் தெரியாதோ?"

ஏச்சு தமிழில் வந்தது. நிமிர்ந்தான். தெரிந்தது... நன்றாகவே தெரிந்தது. மழை நின்ற கையோடு வெயில் எட்டிப் பார்ப்பது போல இரண்டு கண்கள். சட்டையில் குத்தியிருந்த பெயர், றோஸ்மலர்.

இரண்டு வருஷமாக லண்டன் குரோய்டன் குடிவரவு அலுவலகத்திலிருந்து வரவேண்டிய அகதி விண்ணப்ப முடிவுக்குக் காத்திருப்பவனுக்கு இதெல்லாம் தேவையா? தேவையில்லைதான். ஆனாலும் சும்மா எப்படித் திரும்புவது... பியர் காய்ச்சப் போவதாகச் சொல்லிவிட்டான்.

காய்ச்சுவது லேசு, அடைப்பதில்தான் யோசனை என்றாள் அவள். பிளாஸ்டிக் பரல் என்றால் பெரிய பீப்பாய் ஒன்றைக் கழுவினால் போதும். ஆனால் வைத்த இடத்தைவிட்டு அசைக்க முடியாது, மூடி கசிந்தால் முழுவதும் போச்சு. போத்தல் என்றால் நாற்பது வரும், அத்தனையையும் கழுவி மூடி அடிக்க வேண்டும்; ஆனால் எங்கேயும் கொண்டு போகலாம்.

"புதுசாத் தொடங்கிற ஆளுக்குப் பரல்தான் சுகம்."

அவன் போத்தலைக் கேட்டான். தன்னை ஊருக்குத் திருப்பி அனுப்பினால் தெரிந்தவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போகலாமே... அதை அவளிடம் சொல்லவில்லை.

"ஒரு போத்தலுக்கு அரைத் தேக்கரண்டி சீனி. கூடினால் வெடிக்கும்."

"சீனி போட எனக்குத் தெரியாதோ?"

தெரியும். தேத்தண்ணிக்குப் போடுவது போல, போத்தலுக்கு இரண்டு கரண்டி போட்டான்.

பத்தாம் நாள் மத்தியானம், அவன் இன்னும் நாலு ஊர்க்காரரோடு தங்கியிருந்த ரெய்னர்ஸ் லேன் வீட்டில் ஐந்து பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, படிக்கட்டுக்குக் கீழே முதல் போத்தல் வெடித்தது. மறுகணம் ஐவரும் தரையில் குப்புறக் கிடந்தார்கள். ஊரில் குண்டுச் சத்தத்துக்கு விழுந்து படுத்த பழக்கம். விஷயம் விளங்கியதும் நாலு பேர் சிரித்தார்கள். தர்மலிங்கம் அண்ணை மட்டும் மேசைக்குக் கீழிருந்து வரவில்லை. தலையைப் பொத்திக்கொண்டு, செத்துப்போன மகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் குரோய்டன் கடிதம் வந்தது. இல்லை என்று எழுதியிருந்தது.

கடையில் இரவல் வாங்கியிருந்த மூடி அடிக்கும் கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போனான். வெடித்ததா என்று சிரித்தபடி கேட்டவள், அவன் முகத்தைக் கண்டதும் நிறுத்தினாள். எல்லாவற்றையும் சொன்னான்... அண்ணையை, கடிதத்தை, அப்பீலும் தோற்றால் ஏற வேண்டிய விமானத்தை.

அவள் பின்னறைக்குப் போய் ஒரு பரலைத் தூக்கி வந்தாள்.

"நானே எங்கை இருப்பன் எண்டு தெரியாது. இதை எங்கை வைக்கிறது?"

"எங்கட வீட்டில வையுங்கோ."

வெளியே அதே மழை. இனி மறைத்து என்ன...

"நான் பியரே குடிக்கிறதில்லை, றோஸ்மலர். மழைக்குத்தான் ஒதுங்கினனான். உங்களைக் கண்டிட்டன்... சும்மா போக மனம் வரேல்லை."

"தெரியும். குடிக்கிற ஆள் எண்டால் ருசியைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்."

"அனுப்பிப்போட்டால்?"

அவள் கண்கள் நிறைந்தன.

"அனுப்பினால்... இது அசையாமல் அங்கை கிடக்கும். நானும் கிடப்பன். அதுக்குமேல என்னால ஒண்டும் ஏலாது."

பிறகு பரலின் மூடியை இறுக்கித் திருகினாள்.

"சீனியை மட்டும் நான் போடுறன்."