மிச்சம் வைத்த முட்டை

காலை ஆறு மணி. கூண்டின் துணியை விலக்கிய தையல்காரிக்குப் பகீரென்றது. நேற்று மாலை இரண்டு முட்டை இருந்தது. இப்போது ஒன்றுதான். முதல் இரண்டு தடவை இப்படி ஆனபோது தன் கண்ணையே சந்தேகப்பட்டாள். ஏழாவது தடவையும் கண்ணைக் குறை சொல்ல முடியுமா?

கொண்டை வைத்த காக்கடீல் கிளி அது. வீட்டில் அதற்கு ‘மகாராணி’ என்று பெயர். அவள் வளர்க்கும் முதல் பறவை. ஒற்றைக்கிளி முட்டையிடும் என்றே அவளுக்குத் தெரியாது. முதல் முட்டையைப் பார்த்த சந்தோஷத்தில் யாருடைய சட்டைக்கோ கையை மாற்றித் தைத்துவிட்டாள். அந்த முட்டையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். குஞ்சுகளுக்கு உள்ளங்கை அகலத்தில் மெத்தைகூடத் தைத்தாயிற்று.

ஆனால் மகாராணி வாடிக்கொண்டே வந்தாள். நேற்று கால்நடை டாக்டர் முகம் சுளித்தார். “இப்படியே போட்டுக்கிட்டிருந்தா உடம்புல சுண்ணாம்புச் சத்தே மிஞ்சாது. அடுத்தது வயித்துல சிக்கினா உசுருக்கே ஆபத்து.”

அவள் அண்ணிக்குப் போன் போட்டாள். அண்ணி போலீஸ் எஸ்.ஐ. திருட்டென்றால் லீவு நாளிலும் மூக்கில் வேர்த்துவிடும். எட்டு மணிக்கெல்லாம் வந்து, கூண்டுக்குள் விரித்த காகிதத்தைக் குனிந்து பார்த்தாள். ஓடு இல்லை, ஈரம் இல்லை. கதவின் கொக்கி ஒழுங்காக மாட்டியிருந்தது.

“பூனை இல்ல. கிளியே தின்னிருந்தாலும் கறை இருக்கும். ராத்திரி கத்துச்சா?”

“இல்லண்ணி. புது ஆளு கிட்ட வந்தாலே ஊரக் கூட்டும்.”

“அப்ப வீட்டு ஆளுதான்.”

முதலில் சிக்கியவன் தையல்காரியின் கொழுந்தன். பேக்கரியில் வேலை. விரலில் பிளாஸ்திரி.

“கையில என்ன?”

“அடுப்பு சுட்டுடுச்சுக்கா. இத்துனூண்டு முட்டைய வச்சு நான் எறும்புக்கா கேக் போடப் போறேன்?”

அடுத்தவர் அவளுடைய மாமனார், ஓய்வுபெற்ற தபால்காரர். கேட்காமலேயே பேசினார். “சிப்பித் தூள் வைம்மா. எங்க கோழிங்களுக்கு அதத்தான் வைப்போம்.” குரலில் அத்தனை அக்கறை.

அண்ணி தலையாட்டிவிட்டு தையல்காரியிடம் திரும்பினாள். “இப்ப கூண்டுல இருக்கிறது எந்த முட்டை?”

“புள்ளி வச்சது. எப்பவும் அதுதான் மிஞ்சும்.”

அண்ணி நிமிர்ந்தாள்.

“திருடன் வழிச்சுக்கிட்டுப் போவான். ஒவ்வொரு தடவையும் ஒண்ண விட்டு வைக்க மாட்டான், அதுவும் அதே பழச. கூட்டுல ஒண்ணு கிடந்தாதான் கோழி திரும்ப அங்கயே வந்து போடும். அதனால பழச விட்டுட்டுப் புதுச எடுக்கிறது கோழி வளத்தவங்க கைப்பழக்கம். இல்லையா மாமா?”

மாமனார் எழுந்து போய், ஃப்ரிட்ஜில் வேறு யாரும் தொடாத தன் இன்சுலின் டப்பாவைக் கொண்டுவந்து திறந்தார். ஏழு வெள்ளை முட்டைகள்.

“சேவல் இல்லாத முட்டை, பொரிக்காதும்மா. மெத்தையெல்லாம் தைச்சு வச்சிருந்தியே, எப்படிச் சொல்றது? அழுகிப்போனா நீ தாங்க மாட்டியேன்னு எடுத்தேன். ஒண்ண விட்டது கை தன்னால செஞ்சது.”

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. “எங்கிட்ட சொல்லியிருக்கலாமே மாமா! அது போட்டுப் போட்டே சாகக் கிடக்குதே!” கத்திய பிறகுதான் அவர் கண் கலங்கியிருப்பதைப் பார்த்தாள். அதற்குமேல் அவளால் திட்ட முடியவில்லை.

அண்ணி டாக்டரைப் போனில் பிடித்தாள். “எடுக்க எடுக்கப் போட்டுக்கிட்டேதான் இருக்கும்” என்றார் அவர். “எல்லாத்தையும் வேக வச்சு, ஆற வச்சுத் திருப்பி வைங்க. கூடு நெறைஞ்சதுன்னு நிறுத்திடும். அதுவா எழுந்து போற வரைக்கும் தொடாதீங்க.”

மாமனாரே அடுப்படியில் நின்று வேகவைத்தார். மகாராணி எட்டு முட்டையையும் வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு கர்வமாக உட்கார்ந்தாள். ஒன்பதாவது வரவேயில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, மகாராணி எழுந்தாள். முட்டைகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கம்பியில் ஏறி, தினை கேட்டு வீடே அதிரக் கத்தினாள். இரண்டு நாளாகியும் அந்தப் பக்கம் போகவில்லை.

மாமனார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூண்டருகே நின்றார். “எடுக்கலாமாம்மா?”

“எடுங்க மாமா” என்று தையல்காரியே கூண்டைத் திறந்துவிட்டாள். “இந்த தடவை ஒண்ணுகூட விட்டு வைக்காதீங்க.”