நேரில் வந்து எடுத்துக்கொள்ளவும்

விற்பனைக்கே போடாத கெட்டில் ஒன்று விற்றுப்போய்விட்டதாகத் திங்கட்கிழமை காலை பெவர்லியின் போன் சொன்னது.

அந்த நீலக் கெட்டில் அவள் முன்னால்தான் கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே இங்கிலாந்தின் லிங்கன்ஷர் பகுதியில் அக்டோபர் வெளிச்சம் இன்னும் சாம்பல் நிறத்திலேயே இருக்க, ரொட்டி கருகும் வாசனையும் ஜன்னல் கட்டையில் ஊறியிருந்த ஈரத்தின் வாசனையும் கலந்து வர, அவள் கையைத் துடைத்துக்கொண்டு இணைய விற்பனைத் தளத்தைத் திறந்து பார்த்தாள். படம் இதே சமையலறையில் எடுத்தது. மூடியின் உடைந்த விளிம்புகூடத் தெரிந்தது. மூக்கிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. கீழே மூன்று வரிகள்.

நல்ல நிலையில் உள்ளது. இனித் தேவையில்லை. நேரில் வந்து எடுத்துக்கொள்ளவும்.

அவளுடைய வரிகள்தான். இந்த வருடம் மாமியாரின் சாமான் ஒவ்வொன்றுக்கும் கீழே அவள் எழுதியவை. பழைய விளம்பரம் ஏதோ புதியதோடு குழம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். படம் எடுத்த கோணம்தான் உறுத்தியது. சமையல் மேடைக்கும் கீழேயிருந்து யாரோ அண்ணாந்து பார்த்து எடுத்ததுபோல் இருந்தது.

வாசல் மணி அடித்தது. காரில் குழந்தையை விட்டுவிட்டு வந்த ஒரு இளைஞன், பணம் கட்டிய ரசீதைப் போனில் காட்டினான். தவறாகிவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் சொன்னால் அது அவள் பெயரில் ஒரு கரும்புள்ளியாக விழும். ஆறு வருடங்களில் நானூற்றுப் பன்னிரண்டு விற்பனைகள், ஒரு புகார்கூட இல்லை. அவள் பெயருக்குப் பக்கத்தில் நூற்றுக்கு நூறு என்றிருக்கும். அதை அவள் தினமும் ஒருமுறையாவது பார்ப்பாள். வெந்நீரைக் கொட்டிவிட்டு, கெட்டிலைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள்.

"இன்னும் சூடா இருக்கே," என்றான் அவன் சிரித்துக்கொண்டே.

அவன் போன பிறகு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துத் தேநீர் போட்டாள்.

*

வீடு மாமியார் எட்னாவுடையது. எட்னாவின் ஒரே மகன் கீத், பெவர்லியின் கணவன், மூன்று வருடங்களுக்கு முன் இறந்துபோனான். அதன்பின் ஒரு தொலைக்காட்சிக்கு முன்னால் இரண்டு பெண்கள். பிப்ரவரியில் எட்னா மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆறு வாரம் என்று சொல்லித்தான் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். முதல் வாரத்திலேயே பெவர்லி வீட்டின் அமைதியைக் கண்டுகொண்டாள். சாமான்கள் இருந்தால் எட்னா திரும்பி வருவாள். இல்லையென்றால் எதற்கு வருவாள்?

சிறியவற்றை இணையத்தில் விற்றாள். மற்றவற்றை ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் ஏற்றி, ஊருக்கு வெளியே பழைய விமான ஓடுதளத்தில், அவரவர் கார் டிக்கியைத் திறந்துவைத்துப் பழைய சாமான் விற்கும் டிக்கிச் சந்தைக்குக் கொண்டுபோனாள். இருட்டு விலகும் முன்பே அங்கே போய்விட வேண்டும். கார் நிற்பதற்குள் வியாபாரிகள் டார்ச்சோடு சூழ்ந்துகொள்வார்கள். நகை இருக்கா, பழைய கேமரா இருக்கா, கடிகாரம் இருக்கா என்று கேட்டுக்கொண்டே அவர்களாகக் கதவைத் திறப்பார்கள். முகங்கள் தெரியாது. வெளிச்சமும் கைகளும்தான். பெட்டிகளுக்குள் கைகள் நுழையும், தட்டுகளைக் கவிழ்த்து அடியில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும். மேசையைப் போடும்வரை நான்கு கதவுகளையும் பூட்டி வைக்க பெவர்லி இரண்டாவது வாரத்தில் கற்றுக்கொண்டாள்.

இன்னொன்றும் கற்றுக்கொண்டாள். இதெல்லாம் யாருடையது என்று கேட்பார்கள். மாமியார் முதியோர் இல்லத்தில் இருக்கிறார் என்று சொன்னால் கையிலிருப்பதை மெல்லக் கீழே வைத்துவிடுவார்கள். "மாமியாரோடது. போய்ச் சேர்ந்துட்டாங்க, பாவம்," என்று சொன்னால் நாக்கால் ச்சு கொட்டுவார்கள், அதிகம் பேரம் பேச மாட்டார்கள். மார்ச்சில் முதல்முறை சொன்னபோது முகம் சுட்டது. ஜூனில் பித்தளைக் குமிழ் வைத்த எட்னாவின் கட்டிலை விற்றபோது அது சரளமாக வந்தது. கட்டில்தான் பெரிய சாமான்களில் கடைசி.

ஜூலையில் பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண், எட்னாவின் பட்டன் டப்பாவை வாங்கினாள். மூடியில் கலங்கரை விளக்கம் வரைந்த தகர டப்பா. வயசானவங்க கையில கொடுத்தா பழசெல்லாம் ஞாபகம் வரும், நான் வேலை பாக்குற இல்லத்துக்குத்தான், என்றாள். எந்த இல்லம் என்று பெவர்லி கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பெவர்லி எட்னாவைப் பார்க்கப் போனபோது டப்பா எட்னாவின் மடியில் இருந்தது. எட்னா பட்டன்களுக்குள் விரல்களை விட்டு அளைந்துகொண்டிருந்தாள். கூழாங்கற்கள் உருளும் சத்தம்.

"நான் செத்துட்டேனாமே, பெவர்லி. எப்போ?"

யாரோ தப்பாகப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்று பெவர்லி என்னவோ சொன்னாள். எட்னா அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு பட்டனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"கீத்தோட ஸ்கூல் கோட்டுல இருந்தது இது. என் கட்டிலாவது இருக்கா?"

"இருக்கு, எட்னா. அப்படியேதான் இருக்கு. நீங்க வர வேண்டியதுதான் பாக்கி."

எட்னா பட்டனை டப்பாவுக்குள் போட்டுவிட்டு அவள் பக்கம் சாய்ந்தாள். லாவெண்டர் பவுடர் வாசனை அடித்தது.

"முதல்ல கேக்குற விலைக்கே விட்டுடாதே, கண்ணு," என்றாள். "ஒரு சுத்து சுத்திட்டு மறுபடி வருவாங்க. நானும் கீத்தும் அந்த ஓடுதளத்துல எத்தனை வருஷம் நின்னிருக்கோம்."

அதன்பிறகு எட்னா அவளோடு பேசவில்லை. செப்டம்பரில் இறந்துபோனாள். கடைசி வாரங்களில் சாப்பிட மறுத்துவிட்டதாகவும் டப்பாவைக் கையிலிருந்து எடுக்கவே முடியவில்லை என்றும் அந்தப் பச்சை ஸ்வெட்டர் பெண் சொன்னாள். சொல்லும்போது அவள் பெவர்லியின் முகத்தைப் பார்க்கவில்லை.

*

கெட்டில் போன மறுநாள், செவ்வாய்க்கிழமை, தரையில் நிற்கும் உயரமான விளக்கு விற்றுப்போனது. புதன்கிழமை சாய்வு நாற்காலி.

பெவர்லி கடவுச்சொல்லை இரண்டுமுறை மாற்றினாள். தளத்தின் உதவி எண்ணில் பேசிய பெண், எல்லாமே உங்க போன்லேர்ந்து, உங்க வீட்டுலேர்ந்துதான் போட்டிருக்கு மேடம் என்றாள். கெட்டில், விளக்கு, நாற்காலி. எட்னாவின் சாமான்களையும் இதே வரிசையில்தான் அவள் விற்றிருந்தாள்.

நாற்காலி இருந்த இடத்தின் எதிரே குனிந்து, பிறகு மண்டியிட்டு, போன் திரையில் தெரிவதும் படமும் ஒன்றாகும்வரை அவள் போனை இறக்கினாள். அளவு நாடாவை எடுத்துவந்து தரையிலிருந்து அளந்தாள். ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். உட்கார்ந்தவரின் உயரம் இல்லை அது. படுத்திருப்பவருடையது. தலையணையில் தலை வைத்து, ஒருக்களித்து.

மண்டியிட்டிருந்த இடத்தில் முழங்கால் பள்ளத்தில் இறங்கியது. கம்பளத்தில் நான்கு குழிகள் இருந்தன. கனமான எதுவோ வருடக்கணக்கில் நின்றதுபோல இழைகள் நசுங்கிக் கிடந்தன. இந்த இடத்தில் ஒருபோதும் எதுவும் நின்றதில்லை. அவள் மாடிக்குப் போய் எட்னாவின் அறையைத் திறந்தாள். கட்டில் இருந்த இடத்தில் கம்பளம் வழவழப்பாக, புதிதுபோல் இருந்தது.

வியாழக்கிழமை கூடத்துக் கண்ணாடி. படத்தில், கண்ணாடியின் ஓரத்தில், ஒரு பித்தளைக் குமிழ் தெரிந்தது.

அன்று அவள் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். நூற்றுக்கு நூறு போனால் போகட்டும். வந்தவர் பணி ஓய்வு வயதைத் தாண்டிய மனிதர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். இது விற்பனைக்கு இல்லை என்று அவள் சொன்னாள். அவர் அவள் தோளுக்கு மேலாகக் கூடத்தைப் பார்த்தார். யாரோ பேசுவதைக் கேட்பவர்போலத் தலையைச் சாய்த்தார்.

"சரிங்கம்மா," என்றார் கூடத்தைப் பார்த்து. பிறகு அவளைக் கடந்து உள்ளே வந்து கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனார்.

கூடத்துக் கம்பளத்தில் நான்கு குழிகள். மாலையில் படியின் கீழே நான்கு. இரவு அவள் விளக்கை அணைக்காமல் படுத்திருந்தாள். காலையில் அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், நான்கு.

அன்றைக்கு அவளுடைய கட்டில் விற்றுப்போயிருந்தது.

இரண்டு அண்ணன் தம்பிகள் வந்தார்கள். அவள் பூட்டிய கதவு திறந்தே இருந்தது. மாடிப்படியின் நடுவில் இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகச் சொன்னாள். போலீசைக் கூப்பிடுவேன் என்றாள். மூத்தவன் படியின் உச்சியை அண்ணாந்து பார்த்தான்.

"ரொம்ப வருத்தமா இருக்கு, எட்னாம்மா. உங்க மருமகளுக்கு அப்படியொண்ணும் வயசாகலையே."

கட்டிலை இறக்கும்போது, வழியில் நிற்கும் அலமாரியைச் சுற்றிக் கொண்டுபோவதுபோல, அவள்மேல் இடிக்காமல் சாய்த்துக் கொண்டுபோனார்கள்.

அவள் போனில் பழைய செய்திகளைத் திறந்தாள். கெட்டில்காரன் முதல் எல்லோரும் கேட்டிருந்தார்கள், யாருடைய சாமான் என்று. அவள் பெயரிலிருந்து எல்லோருக்கும் ஒரே பதில் போயிருந்தது.

மருமகளோடது. போய்ச் சேர்ந்துட்டா, பாவம்.

*

சனிக்கிழமை மாலை. வெற்றறை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். போன் மணி அடித்தது.

புதிய விளம்பரம். படத்தில் ஒரு பெண் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடப்பக்கத்திலிருந்து எடுத்தது. ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர்.

அவள் இடப்பக்கம் திரும்பவில்லை.

நல்ல நிலையில் உள்ளது. இனித் தேவையில்லை. மூன்றாவது வரி மட்டும் மாறியிருந்தது. நாளை காலை, ஓடுதளம்.

பட்டன்கள் உருளும் சத்தம். மிக அருகில்.

சாவி. வாசல். கார். உள்ளே ஏறி நான்கு கதவுகளையும் பூட்டினாள். பழகிய கை. டக். சாவியைத் திருப்பினாள். லாவெண்டர் பவுடர். கார் முழுக்க லாவெண்டர் பவுடர். பின்னால் டிக்கிப் பக்கம், கட்டில் கம்பி ஒன்று முனகியது.

பிறகு இருட்டு.

முழங்கால் தாடையில் இடித்துக்கொண்டிருந்தது. கையை நீட்ட முடியவில்லை. முதுகுக்குக் கீழே ஈர அட்டைப்பெட்டி. கன்னத்தில் மடித்த மேசையின் கால். தூரத்தில் பன்றிக்கறி பொரியும் வாசனை. அந்த வாசனை அவளுக்குத் தெரியும். ஓடுதளத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிற்கும் வண்டி.

கத்த முயன்றாள். வாய் அசையவில்லை.

கார் நின்றது. மேலே, கண்ணாடிக்கு வெளியே, ஒரு வெளிச்சம். இரண்டு. பத்து. விரல்கள் கண்ணாடியைத் தட்டின. நகை இருக்கா. பழைய கேமரா இருக்கா.

"பொறுங்க கண்ணு, பொறுங்க," என்றது ஒரு குரல். "மேசையைப் போட விடுங்க."

டிக்கி திறந்தது.

முகங்கள் இல்லை. வெளிச்சமும் கைகளும். ஒரு கை அவள் தாடையைத் தூக்கிப் பற்களைப் பார்த்தது. ஒரு கை மணிக்கட்டைத் திருப்பி, அடியில் முத்திரை இருக்கிறதா என்று கட்டைவிரலால் தேய்த்தது. அவள் கண்களை மட்டும் அசைத்தாள். டார்ச் ஒன்று அந்தக் கண்களுக்குள் அடித்து, நின்று, நகர்ந்துபோனது.

"இது யாரோடதும்மா?"

"மருமகளோடது," என்றாள் எட்னா. "போய்ச் சேர்ந்துட்டா, பாவம்."

எல்லோரும் ச்சு கொட்டினார்கள். பிறகு எல்லாக் கைகளும் ஒன்றாக உள்ளே வந்தன.