சாக்கு மூடிய குழி

2024 ஜனவரி 20, சனிக்கிழமை. விழுப்புரம் மாவட்டம், கெடாரை ஒட்டிய ஒரு கடலைக் கொல்லையில் முந்நூறு அடி தோண்டிய ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வரவில்லை. போர் போட்ட லாரிக்காரர்கள் இறக்கிய குழாயை உருவிக்கொண்டு போனார்கள். நிலத்துக்காரன் ரஞ்சித் குழியின் வாயில் ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் வட்டக்கல் ஒன்றை வைத்தான்.

சில நாள் கழித்து அவன் மனைவி கலைப்பிரியா அந்தப் பக்கம் போனபோது, சாக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

காற்றே இல்லாத மதியம். நிலக்கடலைச் செடியில் ஓர் இலைகூட அசையவில்லை. கல்லைச் சுற்றியிருந்த சாக்கு மட்டும் மெல்ல உப்பி மெல்ல அமுங்கியது. அதன் இழைகளின் நடுவிலிருந்து, வெகுகாலம் திறக்காத அறையின் வாசனையோடு குளிர்ந்த காற்று கசிந்து அவள் கணுக்காலைத் தொட்டது. அன்றிரவு தூங்கிக்கொண்டிருந்த மகனின் தோளைக் கையால் அளந்தாள். விடிந்ததும் போய்க் குழியை அளந்தாள். இனியவனுக்கு மூன்று வயது. தோளைவிடக் குழி ஒரு விரல் கூடுதல் அகலம்.

அதன்பிறகு தினமும் போனாள். கல் இருக்கிறதா என்று பார்ப்பாள். வீட்டுக்கு வந்து அரிசி களைவாள். சரியாகப் பார்த்தோமா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை நனையும், திரும்ப ஓடுவாள். பால் பொங்கி வழிந்தது. தூக்கம் போனது. பிப்ரவரியில், மகனை மடியில் வைத்துச் சோறு ஊட்டும்போதே, மண்ணுக்கடியிலிருந்து அவன் குரல் கேட்டது. அம்மா.

"போர மொறச்சிக்கினே நின்னா தண்ணி வந்துடுமாடி?" என்றாள் மாமியார் கோவிந்தம்மாள். கொல்லையில் வேலை செய்த பெண்கள் சிரித்தார்கள்.

விழுப்புரத்தில் காட்டினால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று ரஞ்சித் அவளைத் திண்டிவனத்துக்கு அழைத்துப் போனான். மனநல மருத்துவர் நிதானமாகக் கேட்டார். இது பதற்ற நோய் என்றார். பிறகு ரஞ்சித்திடம், "முதல்ல அந்தக் குழிய மண்ணு போட்டு முழுசா மூடிடுங்க. அது உங்க வேலை. அதுக்கப்புறம் போய்ப் பாக்காம இருக்கறது அவங்க வேலை" என்றார். பயம் ஏறும்போது எழுந்து ஓடாமல் உட்கார்ந்து மூச்சை இழுத்து விடச் சொன்னார். பயம் தானாகவே இறங்கிவிடும் என்றார்.

பஸ் ஏறியதும் கலைப்பிரியா கேட்டாள். "எப்பங்க மூடுவீங்க?"

"அறுப்பு முடியட்டும். டிராக்டரு சும்மாதான நிக்கும், ஒரு நடை மண்ணு அடிச்சிட்டா ஆச்சு. நீ மொதல்ல போய்ப் பாக்குறத நிறுத்து. டாக்டர் இன்னா சொன்னாங்க?"

நிறுத்தினாள். கஷ்டமாக இருந்தது. மாத்திரை வாயை உலர்த்தியது. குரல் கேட்கும், உட்கார்ந்த இடத்திலேயே மூச்சை இழுத்து விடுவாள், குரல் தேய்ந்துவிடும். ஏப்ரல் வந்தபோது குழியின் பக்கம் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

அறுவடை நாள். வேப்பமர நிழலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பச்சைக் கொடியின் நெடி, புழுதி, வியர்வை. ஆய்ந்து எறிந்த கொடி கொல்லையின் மூலையில் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. குழி இருக்கும் அந்த மூலை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடலை நிரம்பிய சாக்குகள் மரத்தடியில் வரிசையாக நின்றன. ஒன்றின்மேல் மட்டும் கல் வைத்திருந்த அளவுக்கு வட்டமாக ஒரு மண்கறை.

உள்ளங்கை நனைந்தது.

"அத்த, பையன் எங்க?"

"அப்பன்கூட டிராக்டர்ல போய்ட்டான். ஆரம்பிச்சிட்டியா?"

"அந்தச் சாக்கு..."

"பத்தல, கெடைச்சத எடுத்தேன். மல்லாட்டைய உன் முந்தானையிலயா கட்றது? கைய ஓட்டுடி."

யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்போது கேட்டது.

அம்மா.

சன்னமாக. வெகு கீழேயிருந்து. மற்றவர்கள் பேசிக்கொண்டேயிருந்தார்கள். யார் கையும் நிற்கவில்லை.

இது நோய். மூச்சை இழு. விடு.

அம்மா. இருட்டா கீது.

இதுவரை அந்தக் குரல் அம்மா என்று மட்டும்தான் சொல்லும். நோய் புதிதாகப் பேசக் கற்றிருக்கிறது. அவள் கால்கள் எழப் பார்த்தன. முழங்காலை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்தாள். எழுந்தால் தோற்றுவிடுவாள். எழுந்தால் திரும்பவும் முதலிலிருந்து. இழு. விடு. கண்களை மூடினாள். இழு. குரல் அழுதது. விடு. குரல் இருமியது. இழு.

தேய்ந்தது.

நின்றது.

மருத்துவர் சொன்னபடியே. உடம்பு லேசானது. இத்தனை தெளிவாகக் கேட்டும் அவள் எழுந்திருக்கவில்லை. கடலைச் செடியைக் கையில் எடுத்தாள். மாமியார் பார்த்துவிட்டு, "இன்னா, தெளிஞ்சிட்டியா?" என்றாள்.

"ம்."

பொழுது சாயும் நேரத்தில் டிராக்டர் வந்தது. ரஞ்சித் இறங்கினான். பக்கத்தில் யாருமில்லை.

"இனியவன் எங்க?" என்று அவன்தான் கேட்டான். "ஏத்திக்கினு போலாம்னு பாத்தேன். கொடி மேல குதிச்சிக்கினு ஆடிட்டிருந்தான், உட்டுட்டுப் போனேன்."

கலைப்பிரியா மூலையைப் பார்த்தாள். குவியலின் நடுவில் கொடி உள்வாங்கியிருந்தது. காற்றில்லை. அந்தப் பள்ளத்தின் ஓரத்து இலைகள் மட்டும் மெல்ல மேலெழுந்தன. மெல்ல அமுங்கின.

மறுநாள் இரவு தீயணைப்புத் துறையினர் உடலை எடுத்தார்கள். விழுந்து இரண்டு மணி நேரமாவது உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று பிரேதப் பரிசோதனை செய்தவர் சொன்னார். விடிந்ததும் குழியை மூடினார்கள். டிராக்டரில் ஒரு நடை மண் போதுமானதாக இருந்தது.