பசையில்லாப் பலகை

உலர்த்தும் அடுப்பில் வைத்த மரம் எடை குறையும், கூடாது. ஆனால் நூற்று மூன்று டிகிரி சூட்டில் நாலு மணி நேரம் காய்ந்த அந்தப் பலகைத் துண்டு, காலையில் இருந்ததைவிடப் பதினோரு கிராம் கூடியிருந்தது.

"தராச மாத்தியும் பாத்துட்டேன் மேடம்," என்றார் ஆய்வுக்கூட உதவியாளர். "ஏறிக்கிட்டேதான் போகுது."

"கையுறை போட்டுத்தானே எடுத்தீங்க?"

"உறை வழுக்குது. ஆறினப்புறம் வெறுங்கைலதான்..."

திட்ட வாயெடுத்தவள் அவர் நீட்டிய கையைப் பார்த்தாள். விரல் நுனிகளில் ரேகை இல்லை. உரித்த வெங்காயம் போல மழமழவென்று இருந்தன. துண்டைத் திருப்பினாள். புதிதாக ஐந்து ரேகைச் சுழிகள், மரவரிகளோடு வரிகளாக.

அவளுடைய மூன்று வருட உழைப்பு. ரம்ப ஆலையில் வீணாகும் தூளை, ஒரு சொட்டுப் பசையில்லாமல், நீராவியிலும் அழுத்தத்திலும் தானாக ஒட்ட வைத்த பலகை. "தூள அழுத்தினா மரமாயிடுமா?" என்று சிரித்தவர்களுக்குக் காட்டும் வீம்பில், சோதனை முடியுமுன்பே முதல் பலகையில் மகளுக்குக் கட்டில் செய்து போட்டிருந்தாள். பாவி, என்ன அவசரம் உனக்கு?

வீட்டுக்குப் போன் போட்டாள்.

"பாப்பா எங்கங்க?"

"தூங்குறா," என்றான் கணவன். "வேர்க்குதுன்னு மெத்தைய எடுத்துட்டேன். வெறும் பலகைலதான் படுத்திருக்கா."

"தூக்குங்க! இப்பவே!"

போனில் கட்டில் கிரீச்சிட்டது.

"வர மாட்டேங்குறாடி," என்றான், குரல் உடைந்து.

அவள் வந்து சேர்ந்தபோது பட்டப்பகல். திரைச்சீலை வழியே வெயில் மஞ்சளாக வடிந்து கிடக்க, நனைந்த மரத்தூள் வாசம் தொண்டைவரை அடைக்க, கட்டிலுக்குள்ளிருந்து ஏதோ மெல்ல உறிஞ்சுவது போல ஒரு சத்தம், நின்று நின்று, கேட்டுக்கொண்டேயிருந்தது. நான்கு வயது மகளின் கன்னமும் உள்ளங்கையும் பலகையோடு பலகை. உதடு காய்ந்திருந்தது. மூச்சு இருந்தது.

அவளுக்குப் பயம்தான். அதைவிடக் கோபம்.

காய்ந்த மரம் ஈரம் தேடும். அதிக ஈரம் எங்கேயோ, அங்கே போகும். குடத்துத் தண்ணீரை வலது கையில் கவிழ்த்தாள். மகளின் கன்னத்தை ஒட்டி அந்தக் கையைப் பலகையில் அழுத்தினாள்.

"நான் செஞ்சதுதானே நீ? பச்சப்புள்ளகிட்ட என்ன வீரம்? என்கிட்ட மோது, வா!"

சத்தம் நின்றது. அவள் கைப்பக்கம் திரும்பியது.

மகள் விடுபட்டாள். கத்தி அழுதாள். உயிருள்ள அழுகை.

"அவள வெளியில விட்டுட்டு ரம்பத்தோட வாங்க!"

கணவன் வந்தான். குனிந்தான். அவள் தோளிலிருந்து விரலால் தடவிக்கொண்டே பலகைவரை போனான். மறுபடி தடவினான்.

"எங்கடி அறுக்கறது? எது நீ?"

இடது கையால் பையிலிருந்த பென்சிலை எடுத்தாள். முழங்கைக்கு மேலே அழுத்திக் கோடு போட்டாள்.

"இங்க. அழாதீங்க. அறுங்க."

அவன் ரம்பத்தை வைப்பதற்குள் மரவரி கோட்டைத் தாண்டியிருந்தது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னும் மேலே, இன்னொரு கோடு போட்டாள்.