சூடான குழாய்

பெற்றரி கழற்றி வைத்திருந்த காரின் கியர் ஒயில் கூலர் குழாய் சூடாக இருந்தது.

தர்சன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பல வாரமாக இலங்கைத்துறைக் கடற்கரையில் கதவுகள் திறந்தபடி கிடந்த கார் அது. காலையில்தான் லொறியில் ஏற்றிவந்து உட்துறைமுக வீதிக் கராஜில் இறக்கியிருந்தார்கள். அதை ஓட்டிப்போன ஸெய்னுதீன் இன்னும் கிடைக்கவில்லை. கடல் கொண்டுபோயிருக்கும் என்று ஊர் சொன்னது. காரைத் திருத்தி விற்றுத் தரும்படி கேட்டிருந்தாள் அவருடைய மனைவி லைலா.

கார்த்திகை மழை பின்னேரத்தையே இருட்டாக்கியிருந்தது. தகரக் கூரையில் மழை இரைய, துறைமுகப் பக்கமிருந்து ஏதோ கப்பலின் ஊதல் நீண்டு அடங்க, காருக்குக் கீழே குழிக்குள் நின்ற தர்சனின் மூக்கில் பழைய ஒயிலும் உப்புத் துருவும் ஏறின. அவற்றுக்கும் அடியில், மீன் வெட்டிய பலகையில் வருவது போன்ற ஒரு வெடுக்கு நாற்றம்.

“முத்தலிப் நானா, இந்தக் குழாய் சுடுது.”

மேலே நின்ற கராஜ்காரர் முத்தலிப் சிரித்தார். “பெற்றரி இல்லாத வண்டி என்னெண்டு சுடும்? நட் இறுகிப்போச்செண்டு சொல்லு.”

“ஓம், ரெண்டு குழாயும் இறுகித்தான் கிடக்கு. எனக்கு ஏலாது நானா. நாளைக்குப் பாப்பம்.”

“தள்ளு, நான் இறங்கிறன்.”

வேண்டாம் என்று சொல்ல தர்சனுக்கு நா எழுந்தது. தங்கையின் கலியாணத்துக்கு முன்னின்று பந்தல் போட்ட மனிதரிடம், ஒரு குழாய்க்குப் பயப்படுகிறேன் என்று எப்படிச் சொல்வது? விலகி நின்று ரோச் லைற்றைப் பிடித்தான்.

துருவோடு துருவாக ஒட்டிப்போயிருந்த நட்டில் ஸ்பானரை மாட்டி முத்தலிப் தோளைக் கொடுத்து அழுத்தினார். எலும்பு மூட்டு விலகுவதுபோல ‘மளுக்’ என்றது. குழாய் கழன்று தொங்கியது. சிவப்பாகச் சொட்டியது.

“கியர் ஒயில் சிவப்புத்தானேடா,” என்றபடி விரலில் தொட்டார். அது விரலிலேயே உறைந்தது.

அவருடைய சிரிப்பு நின்றது.

குழாய் வளைந்தது. யாரும் தொடவில்லை. பாம்பு தலை தூக்குவதுபோல நிமிர்ந்து, முத்தலிப்பின் மணிக்கட்டில் பாய்ந்து, தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே ஏறியது. அவர் அலறினார். முழங்கை வரை தோலுக்கடியில் அது ஊர்ந்து போவதை தர்சன் பார்த்தான்.

மேலே எஞ்சின் ஒருமுறை இருமியது. பிறகு ஓடத் தொடங்கியது.

“இழுடா! தர்சன், இழு!”

தர்சன் அவருடைய இடுப்பைக் கட்டி இழுத்தான். தோள்மூட்டு கழன்ற சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. குழாய் விடவில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் அது புடைத்தது, சுருங்கியது. அவருடைய முகம் வெளுத்துக்கொண்டே போனது.

இரும்பு அறுக்கும் வாளை எடுத்தான். குழாயில் வைத்து ஒரு இழுப்பு.

“வெட்டாத! என்னை வெட்டாதடா!”

“குழாயைத்தான் வெட்டுறன் நானா!”

“அது... நான்...”

வெட்டினால் துடிப்பார். விட்டால் செத்துப்போவார். அழுதுகொண்டே வெட்டினான். இரத்தம் முகத்தில் பீறியடித்தது. கண்ணுக்குள். வாய்க்குள். சூடு. இன்னொரு இழுப்பு. இன்னொன்று. அலறல் நின்றது.

வாள் அசையவில்லை. வெட்டிய இடம், புண் மூடுவதுபோல, வாளையும் கவ்விக்கொண்டு மூடியிருந்தது.

“நானா?”

சரிந்துகிடந்தவரின் நெஞ்சில் காது வைத்தான். இதயம் துடிக்கவில்லை. உள்ளே ஏதோ உறுமியது. சீராக. மேலே ஓடிய எஞ்சினின் அதே தாளத்தில்.

எழுந்து ஓடப்பார்த்தான். முத்தலிப்பின் மற்றக் கை அவன் கணுக்காலைப் பற்றியது. இரும்பின் பிடி. எலும்பு நொறுங்கியது.

தர்சன் திரும்பிப் பார்த்தான்.

முத்தலிப்பின் கண்கள் திறந்திருந்தன. வாயும் திறந்திருந்தது. அதிலிருந்து, மெல்ல மெல்ல, கறுத்த புகை வந்துகொண்டிருந்தது.